தோண்டி மூடிய மண்ணைச் சுற்றிப் போகிறவர்: பட்டாளத்தாரின் மனக்காயம், ஓர் எளிய அறிமுகம்

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பில் நின்றால் வளவு என்கிற நடுமுற்றக் கட்டு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் கண் போகும். கல்யாணமோ அறுபதாம் வயதுச் சாந்தியோ, இப்படி ஒரு வீட்டுக்குப் போனால் என் சித்தப்பா வளவில் ஒரே மாதிரி இடத்தைத்தான் தேடுவார். முதுகு சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், இரண்டு வாசலும் கண்ணில் பட வேண்டும். காற்று வருகிற இடம் என்பதால் அங்கே உட்காருகிறார் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா பட்டாளத்தில் டிரைவர். 1985இல் சேர்ந்தார், 1987இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனார், 2002இல் பென்ஷனோடு ஊர் திரும்பினார். சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊரில் குடிநீர்க் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டி, செம்மண்ணைப் போட்டு மூடினார்கள். அந்த இடம் வந்தால் சித்தப்பா டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிடுவார். இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு வரப்பு வழியாகச் சுற்றிப் போவார். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒருநாள் யாரும் எதுவும் கேட்காதபோது அவரே சொன்னார்: "எனக்கு முன்னாடி போன லாரி அப்படி ஒரு மண்ணு மேலதான்டா ஏறுச்சு." அவ்வளவுதான். கண்ணிவெடி என்ற வார்த்தையைக்கூட அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்கு மருத்துவத்தில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று பெயர். சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. நாக்கில் நிற்காத பெயர்தான். ஆனால் விஷயம் நம் ஊருக்குப் புதிதில்லை. 'பயந்த கோளாறு' என்று நம் அப்பத்தாக்கள் சொன்னதில் இதுவும் ஒரு பங்கு இருந்திருக்கும். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்த செட்டிநாட்டுக் குடும்பங்கள் எத்தனையோ. வழியில் கண்டதைக் கடைசிவரை வாய் திறந்து சொல்லாமல் போன ஐயாக்களைப் பற்றி இன்றும் பேசிக்கொள்வார்கள். ஆக, இது பட்டாளத்தாருக்கு மட்டும் வருவதில்லை. விபத்து, வெள்ளம், வன்கொடுமை என்று எதிலிருந்தும் வரலாம். உலக மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிப்பட்ட அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள், அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் இந்தக் கோளாறு வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. போருக்குப் போய் வந்த எல்லோருக்கும் மனது கெட்டுப்போகும் என்று நினைப்பது தவறு. ஆனாலும் போரும் வன்முறையும் கண்டவர்களிடம் இந்தப் பங்கு கூடுதலாகவே இருக்கிறது.

பெயர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே இருந்த சிப்பாய்கள் நடுக்கம் கண்டார்கள், பேச்சிழந்தார்கள். சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1915இல் இதை 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். குண்டுச் சத்தம் மூளையை உலுக்கியதால் வந்தது என்று முதலில் நம்பினார்கள். குண்டுக்கு அருகிலேயே போகாதவர்களுக்கும் வந்தபோது அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. அதே போரில் ஓடிப்போனார்கள், கோழைத்தனம் காட்டினார்கள் என்று பிரிட்டன் தன் படையினரையே சுட்டுக் கொன்றது. அப்படிச் சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006இல். அவர்களில் எத்தனை பேர் நோயாளிகளோ. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகுதான், 1980இல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இன்றைய பெயர் ஏறியது. ஒரு சிப்பாய் நடுங்குவதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் நோய் என்று சொல்ல மருத்துவ உலகத்துக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. எங்கள் தெரு சிரித்ததில் என்ன ஆச்சரியம்!

தூங்காத காவல்காரர்

உள்ளே என்ன நடக்கிறது? நம் பக்கத்து உதாரணமே போதும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்கு ஒரு காவல்காரர் இருப்பார். சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஒரு ராத்திரி அந்த வீட்டில் திருடன் புகுந்து காவல்காரரைக் கட்டிப்போட்டு அடித்துவிட்டான் என்று வையுங்கள். அதற்குப் பிறகு அவருக்குப் பூனை ஓடினாலும் திருடன்தான். ஓடு சரிந்தாலும் திருடன்தான். ராத்திரியெல்லாம் கூச்சல் போட்டு அக்கம்பக்கத்தை எழுப்புவார். வேலையை அவர் ஒழுங்காகத்தான் பார்க்கிறார். ஆபத்து முடிந்துவிட்டது என்ற செய்தி மட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

மூளையில் இந்தக் காவல் வேலையைப் பார்க்கும் பகுதிகளில் முக்கியமானது அமிக்டலா. பாதாம்பருப்பு அளவுதான் இருக்கும். ஆபத்து என்று அது கூவினால் இதயம் வேகம் எடுக்கும், தசை இறுகும், மூச்சு மேலே ஏறும். போர்க்களத்தில் உயிரைக் காத்தது இதுதான். காரைக்குடிச் சந்தையிலும் அதுவே கூவிக்கொண்டிருந்தால் மனிதன் எப்படி இருப்பான்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலியாகச் சொல்லும் பழமொழி, மருத்துவரின் குறிப்பேட்டில் எழுதும் அளவுக்குச் சரியானது.

இன்னொன்றும் உண்டு, ஞாபகம். செட்டிநாட்டில் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டி வைப்பது வழக்கம். ஐம்பது வருஷம் கழித்து எடுத்தாலும் யாருடையது என்று சொல்லிவிடலாம். சாதாரண ஞாபகமும் அப்படித்தான், இடமும் காலமும் பொறித்து உள்ளே போகும். 'அது அப்போது நடந்தது' என்று மனது சொல்லிவிடும். உயிர்போகும் அதிர்ச்சியில் இந்தப் பொறிப்பு சரியாக விழுவதில்லை. காலம் பொறிக்காத அந்த ஞாபகம் எப்போது வெளியே வந்தாலும் 'இப்போது' என்றே வருகிறது. டீசல் வாசனையோ புதிதாகக் கிளறிய மண்ணோ எதிரில் வந்தால் அந்த மனிதர் 1988ஐ நினைத்துப் பார்ப்பதில்லை, 1988இல் இருக்கிறார்.

வீட்டில் எப்படித் தெரியும்

மருத்துவர்கள் அறிகுறிகளை நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒன்று, மேலே சொன்னபடி பழையது உள்ளே புகுந்து வருவது: கெட்ட கனவு, தூக்கத்தில் அலறல், பட்டப்பகலில் கண்முன் காட்சி. இரண்டாவது தவிர்ப்பது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை பக்கம் போகாது. பழைய சினேகிதர்களைப் பார்க்க மாட்டார், பட்டாளத்து போட்டோவைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார், போர்ப்படம் ஓடினால் எழுந்து போய்விடுவார். நான்காவது எப்போதும் விறைப்பாக இருப்பது: சட்டென்று கோபம், பின்னால் யாராவது நின்றால் பதற்றம், ராத்திரி நாலு தடவை தாழ்ப்பாளைப் பார்ப்பது.

மூன்றாவதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். குடும்பங்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். மனது மரத்துப்போவது. மகள் முதல் மார்க் வாங்கினாலும் முகத்தில் ஒன்றும் இருக்காது. பேரன் பிறந்த செய்திக்கு 'சரி' என்று ஒரு வார்த்தை. சாவு வீட்டில் கண் கலங்காது. 'கல்நெஞ்சுக்காரர், பட்டாளம் போய்ப் பாசம் அத்துப்போச்சு' என்று வீட்டுப் பெண்கள் அழுதிருப்பார்கள். பாசம் அற்றுப்போகவில்லை. வலியை உணராமல் இருக்க மனது கதவைச் சாத்தும்போது சந்தோஷமும் சேர்ந்தே வெளியில் நின்றுவிடுகிறது. கூடவே, 'அவன் செத்தான், நான் ஏன் இருக்கிறேன்' என்ற குற்ற உணர்ச்சியும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் கெடுத்தால்தான் பி.டி.எஸ்.டி. என்பார்கள். பயங்கரம் நடந்த முதல் வாரம் தூக்கம் வராதது நோய் இல்லை. இன்னொரு பக்கம், பல மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்தும் முழுதாகத் தலைகாட்டலாம். பட்டாளத்தில் இருக்கும்வரை காலை விசில், பரேடு, பக்கத்துப் படுக்கையில் தோழன் என்று தாங்கிப் பிடிக்க ஏதாவது இருக்கும். நாற்பது வயதுக்குள் ரிட்டையர் ஆகி ஊர் வந்ததும் அதெல்லாம் ஒரே நாளில் போய்விடும். நம் ஊர்ப்பக்கம் வருகிறவர்களுக்கு உடனே கிடைக்கும் வேலை ஏடிஎம் வாசலில் ராத்திரிக் காவல். ஏற்கெனவே தூங்காத மனதுக்கு, தூங்கக் கூடாது என்று சம்பளம் கொடுப்பது மாதிரி. சித்தப்பா ஆறு வருஷம் அந்த வேலை பார்த்தார்.

வேறு ஒரு வலி

அமைதிப்படை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை, 1990 மார்ச்சில் திரும்பிய கடைசிக் கப்பல். இந்தியத் தரப்பில் மட்டும் 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மற்ற போர்களில் எதிரியின் பாஷை புரியாது. இங்கே நம் பக்கத்திலிருந்து போனவர்களுக்கு எல்லாம் புரிந்தது. வீட்டுக்குள்ளிருந்து வந்த அழுகையும் தமிழ், சாபமும் தமிழ். திரும்பி வந்தால் தமிழ்நாட்டில் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி படையினரின் வரவேற்புக்குப் போகவில்லை. அந்த அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு கட்டுரை. இருபத்து மூன்று வயது டிரைவர் ஒருவர், எங்கே போய் வந்தேன் என்று டீக்கடையில் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டார் என்பதுதான் இங்கே முக்கியம்.

பயத்தால் வரும் காயம் வேறு. 'நான் செய்தது சரிதானா, பார்த்துக்கொண்டு நின்றேனே' என்ற கேள்வியால் வரும் காயம் வேறு. இரண்டாவதை மனசாட்சிக் காயம் என்று சொல்லலாம். வியட்நாம் வீரர்களோடு பல வருஷம் வேலை செய்த ஜொனாதன் ஷே என்ற மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இதற்குத் 'தைரியமா இருங்க' என்ற வார்த்தை பயன்படாது. தைரியம் குறைந்ததால் வந்த வலி இல்லையே. திரும்பி வந்த இடத்தில் ஆதரவு கிடைக்காதவர்களுக்குக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று. இறந்துபோனவர்கள் விஷயத்தில் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. திரும்பி வந்தவர் நம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

திண்ணையில் இருக்கிறவருக்கு என்ன செய்யலாம்

முதலில், கதை கேட்காதீர்கள். 'எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா' என்று கல்யாண வீட்டில் கேட்கும் மச்சான்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள். அவராகப் பேச ஆரம்பித்தால் குறுக்கே போகாமல் கேளுங்கள். தீர்ப்பு வேண்டாம், 'நாட்டுக்காகத்தானே' என்ற சமாதானமும் வேண்டாம். 'ம்' போதும்.

தூக்கத்தில் அலறினால் தொட்டு எழுப்பக் கூடாது. சித்திக்கு ஒருமுறை கைமணிக்கட்டில் அடி விழுந்தது, அடித்தவருக்கே தெரியாது. கால்மாட்டில் தள்ளி நின்று, விளக்கைப் போட்டு, பெயர் சொல்லியோ வழக்கமாகக் கூப்பிடுவது போலவோ கூப்பிடுங்கள். 'வீட்ல இருக்கீங்க, நான்தான்' என்று சொல்லுங்கள். பகலில் பழைய காட்சிக்குள் போய்விட்டால், நிகழ்காலத்துக்குத் திரும்பக் கூட்டிவர உடம்பின் உணர்ச்சிகள் உதவும். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்வார்கள், தொட முடிகிற நான்கு, கேட்கிற மூன்று என்று இறங்கும். சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் சரிப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஆத்தங்குடிக் கல் தரையில் நின்றால் சரியாகிறது என்றார். அந்தக் குளிர்ச்சி யாழ்ப்பாணத்து ரோட்டில் இருந்திருக்காது, அதனால்தானோ என்னவோ.

வெடி. நம் பக்கம் திருவிழா என்றால் அதிர்வேட்டு, சாவு என்றால் வெடி, ஓட்டில் ஜெயித்தால் பத்தாயிரம் வாலா. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல முடியாது. முன்கூட்டிச் சொல்ல முடியும். எதிர்பாராத சத்தம்தான் ஆளைக் கொல்லும், நேரம் தெரிந்த சத்தம் அவ்வளவு செய்யாது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. வனத்துறை ஊராருக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்லும். அங்கே கொக்குக்கும் நாரைக்கும் ஓர் ஊரே அடங்கியிருக்கிறது. எங்கள் தெருவில் 'சித்தப்பா, ஆறு மணிக்கு வெடி போடப்போறோம்' என்று ஒரு பையன் வந்து சொல்ல ஏற்பாடு செய்யவே எனக்கு இரண்டு தீபாவளி ஆனது.

குடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கேன்டீனில் மலிவு விலையில் கிடைக்கும் ரம், தூக்கம் வராத ராத்திரி, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பட்டாளத்து வீடுகளுக்குச் சொல்லத் தேவையில்லை. குடித்தால் சீக்கிரம் கண் அயரும், ஆனால் பின்னிரவுத் தூக்கம் கெடும், கனவுகள் இன்னும் மோசமாகத் திரும்பும். திட்டுவதால் நிற்காது. அதை ஒரு மருந்தாகத்தான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார், சரியான மருந்து கிடைத்தால்தான் விடுவார்.

திருநீறு போடுவது, தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதுவது, இவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. யாரோ தன்மேல் அக்கறையோடு கை வைக்கிறார்கள் என்பதே ஓர் ஆறுதல். அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

டாக்டரிடம் என்ன நடக்கும்

நன்றாகப் பலன் தருவதாக நிரூபிக்கப்பட்டது பேச்சு வழிச் சிகிச்சை. வெறும் ஆறுதல் பேச்சு இல்லை, அதற்கென்று பயிற்சி பெற்றவர் செய்வது. ஒருவகையில், தவிர்த்து வந்த ஞாபகத்தையும் இடங்களையும் பாதுகாப்பான சூழலில் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பார்கள். நம் காவல்காரரைப் பகலில் கைபிடித்துக் கூட்டிப்போய், 'பாருங்கள், பூனைதான்' என்று காட்டுவது போல. இன்னொன்றில், 'என்னால்தான் அவன் செத்தான்' என்ற எண்ணத்தை எடுத்து வைத்து, அது எந்த அளவு உண்மை என்று சேர்ந்து அலசுவார்கள். கண்ணை இடமும் வலமும் அசைத்தபடி ஞாபகத்தை மனதில் நிறுத்தச் செய்யும் முறையும் உண்டு. பொதுவாகச் சில மாதங்களுக்கு, வாரம் ஒருமுறை.

மருந்துகளில் செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்றவை பயன்படுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பத்து நாளில் 'ஒண்ணும் கேக்கல' என்று விடக் கூடாது, டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரைகள் வேறு ரகம். இந்தக் கோளாறுக்கு அவை வேண்டாம் என்றே அமெரிக்கப் படைவீரர்களுக்கான சிகிச்சை வழிகாட்டி சொல்கிறது. பழக்கமாகிவிடும், ரம்மோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சித்தப்பாவுக்கு ஒரு டாக்டர் கேள்வியே கேட்காமல் இரண்டு வருஷம் அதைத்தான் எழுதிக் கொடுத்தார். எல்லோரும் குணமாகிறார்களா? இல்லை. பலருக்கு நன்றாகக் குறைகிறது, சிலருக்கு நோயோடு வாழும் வழி பிடிபடுகிறது. முப்பது வருஷம் ஆகிவிட்டதே, இனி என்ன என்று மட்டும் விட வேண்டாம். பழைய காயத்துக்கும் இந்தச் சிகிச்சை வேலை செய்கிறது.

எங்கே போவது? முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய இசிஹெச்எஸ் என்ற மருத்துவத் திட்டத்தின் கார்டு இருந்தால், அதன் பாலிகிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். சர்க்கரைக்கும் முட்டிவலிக்கும் மட்டும் கார்டைப் பயன்படுத்துகிறவர்களே அதிகம். கார்டு இல்லாதவர்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பென்ஷன், நிதியுதவி விஷயங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். போன் போதும் என்றால் 14416, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் காது கேட்காத மாதிரி இருக்காதீர்கள். நேராகவே கேளுங்கள்: 'செத்துப்போகணும்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, காவல் வேலைக்கு வைத்திருக்கும் லைசென்ஸ் துப்பாக்கி, இரண்டையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே என்று தயங்க வேண்டாம். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு.

பெரும்பாலும் அவர் வர மாட்டார். 'எனக்கென்ன பைத்தியமா' என்பார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. கடைசியில் சித்திதான் தனக்காகவே 14416க்குப் போன் போட்டார். முப்பது வருஷமாக ஒரு காதைத் திறந்துவைத்துத் தூங்குகிறவருக்கும் உதவி வேண்டியிருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார். சித்தப்பா வளவில் தன் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி போனை வைத்ததும், "யார்கிட்ட இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். சித்தி சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க தமிழ்லயே பேசுறாங்களா?" என்றார்.